வெர்னெட்டா எடுத்த இரண்டு நாள் லீவு

அமெரிக்காவில் டொலீடோ நகரத்துப் பர்கர் கடையில் வெர்னெட்டாவுக்குப் பதினேழு வருஷம் ஓடிவிட்டது. அன்றைக்குக் காலையில் உடம்பு அனலாய்க் கொதித்தது. போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு பஸ் ஏறினாள்.

மதியக் கூட்டம் ஓய்ந்து, கடைக்குப் பின்னால் படியில் உட்கார்ந்தபோது ஒரு பெண் வந்து பக்கத்தில் அமர்ந்தாள். பெயர் லோனே. டென்மார்க்கில் இதே கம்பெனியின் கடையில் உருளைக்கிழங்கு பொரிப்பவள். இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவர அங்குள்ள தொழிற்சங்கத்தார் அனுப்பியிருந்தார்கள்.

"மணிக்கு எவ்வளவு தர்றாங்க?" என்று கேட்டாள் லோனே.

"பன்னிரண்டு டாலர். உனக்கு?"

லோனே தலையைக் குனிந்துகொண்டாள். "உங்க காசுக்கு இருபத்திரண்டு வரும்."

"அதே கொதிக்கிற எண்ணெய்தானே?"

"அதேதான். உங்களுக்குக் காய்ச்சல் அடிக்குது போலிருக்கே. வீட்டுக்குப் போகலையா?"

"போனா வாடகையை யாரு கட்டுவா, செல்லம்?"

"எங்க ஊர்ல படுத்துக்கிட்டாலும் சம்பளம் வரும். வருஷத்துக்கு ஆறு வாரம் லீவும் உண்டு."

வெர்னெட்டாவுக்குச் சிரிப்பு வந்து இருமலில் முடிந்தது. "ஆறு வாரமா! அவ்வளவு நாள் என்னதான் பண்ணுவே?"

"முதல் வாரம் தூங்குவேன்."

சம்பளத்தைக் கேட்டபோது வராத பொறாமை தூக்கத்தைக் கேட்டதும் வந்தது. நேரே மேனேஜர் கர்டிஸிடம் போனாள். அவள் மகன் வயசுப் பையன்.

"ரெண்டு நாள் வரமாட்டேன், கர்டிஸ்."

"எடுத்துக்கங்க, மிஸ் வெர்னெட்டா. ஆனா அடுத்த வாரம் எத்தனை ஷிப்ட் கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"இதே மிரட்டலை, நீ ஸ்கூல் பஸ்ல போய்க்கிட்டிருந்தப்பவே கேட்டவ நான்."

இரண்டு நாளும் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். அடுத்த வாரம் ஐந்து ஷிப்ட் மூன்றானது. கூட வேலை பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அடுப்பை அணைத்துவிட்டு, கூலி உயர்வும் வெட்டிய ஷிப்ட்டும் கேட்டு எல்லோரும் வாசலில் போய் நின்றார்கள். அவளும் நின்றாள். அப்படியே வாராவாரம் நின்று, மூன்று மாதத்தில் மணிக்கு ஒரு டாலர் ஏறியது. பழைய ஷிப்ட்டும் கிடைத்தது. கட்டிப்பிடித்து அழுதார்கள்.

மறுமாதம் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வருமானம் கூடிவிட்டதாம், ஏழைகளுக்குச் சாப்பாட்டுக்கென்று தரும் உதவித்தொகையில் பாதியைக் குறைத்திருந்தார்கள். கல்லாவில் நிற்கும் ஷனீஸிடம் அதை நீட்டினாள்.

படித்த ஷனீஸுக்கு முகம் சிவந்தது. "வெள்ளிக்கிழமை மறுபடி வெளியே போறோம். நீங்க வர்றீங்கதானே?"

வெர்னெட்டா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"வர்றேன். ஆனா நாற்காலி கொண்டுவரச் சொல்லு. இனிமே என்னால நிக்க முடியாது."