திரை இழுப்பவர் மாத்திரம்

பழனியாண்டி இறந்துபோனார் என்ற செய்தி எனக்கு ஒரு கேள்வியாக வந்தது. காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைத்த எங்கள் கலைமன்றத் தலைவர், வழமையான சுகவிசாரிப்பை விட்டுவிட்டு, "தம்பி, எங்கட பழனியின்ர முழுப்பேர் என்ன?" என்று கேட்டார். ஏன் என்றேன். "ஆள் முடிஞ்சுதாம். பனர் அடிக்கவேணும்."

கறுப்பன் பழனியாண்டி என்று சொன்னேன். 'திலகம்' என்ற பட்டத்துக்குக் கீழே 'ஆண்டி' வந்தால் வடிவாக இராது என்று தலைவர் கருதினார். 'கறுப்பன்' விவாதத்துக்கே எடுத்துக்கொள்ளப்படவில்லை. பின்னேரம் பஸ் நிலையத்துக்கு முன்னால் பனர் தொங்கியது: "மன்னார் மண்ணின் மைந்தன், நகைச்சுவைத் திலகம், அமரர் பழனி அவர்கள். அன்னாரை உலகுக்குத் தந்த தாய்வீடாகிய எமது மன்றத்தின் கண்ணீர் அஞ்சலி." அவரை அறிந்தவர்களான உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள தகவல்களில் அவர் இறந்தது மட்டும் சரி.

மைந்தன் பிறந்தது மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பள்ளிக்கூடம் இரண்டு வருடம். பத்து வயதில் தோட்டத்தில் புல்லு வெட்டப் போனார். தன் இளமையை அவர் தன்னை அடித்தவர்களின் வரிசையாகவே நினைவில் வைத்திருந்தார்: அப்பன் விறகால், கங்காணி பெல்ட்டால், வாத்தியார் கையில் அகப்பட்டதால். தனக்குக் கலை வந்த வழியைப் பற்றிப் பிற்காலத்தில் என்னிடம் ஒரேயொரு தடவை சொன்னார். "அடிக்கிறவன சிரிக்க வச்சிட்டா கை தளந்துரும் சேர். மூணாவது அடி அவ்வளவா வலிக்காது. மொத ரெண்டையும் வாங்கித்தான் ஆகணும்." நாடகக் கலை பற்றி நான் படித்த தடித்த நூல்களில் இவ்வளவு பயனுள்ள வசனம் கிடையாது.

கலவரத்தில் லயம் எரிந்தபோது மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வடக்கே வந்தார். நானாட்டான் பக்கம் வயல்வேலை கிடைத்தது. அங்கேயுள்ள மக்கள் அவரைத் தமிழர் என்று வரவேற்றார்கள். தேத்தண்ணீரை வேறு கோப்பையில் கொடுத்தார்கள். அந்தக் கோப்பை வீட்டுக்கு வெளியே, மாட்டுக்கொட்டிலின் மரத்தூணில் ஒரு ஆணியில் தொங்கும். குடித்துவிட்டு அவரே கழுவி அவரே மாட்ட வேண்டும். அந்த வயலும் கொட்டிலும் கோப்பையும் பின்னாளில் பனர் அடித்த எங்கள் தலைவருடையவை.

பிறகு யுத்தம் அவரை மன்னார்த் தீவுக்குத் தள்ளியது. நானாட்டானிலிருந்தும் முசலியிலிருந்தும் வந்தவர்களோடு அவரும் ஒரு பள்ளிக்கூட முகாமில் பாய் விரித்தார். தலைவரும் இடம்பெயர்ந்துதான் வந்தார், ஆனால் அவருக்குத் தீவில் இன்னொரு வீடு இருந்தது. பழனியாண்டிக்குக் கரையில் மீன்வாடியில் வேலை: பாறைபோல வரும் ஐஸ் கட்டியை மரச்சுத்தியலால் உடைத்து மீன் பெட்டிகளில் நிரப்புவது. வேலை முடிந்ததும் மன்றத்துக்கு வந்து திரை இழுப்பார். நான் அப்போது அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன், மன்றத்துக்குச் செயலாளர். அவரை எல்லோரும் 'டேய் பழனி' என்றார்கள். நான் 'டேய்' போடவில்லை என்பதை நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரடங்கினால் அந்த நாட்களில் எங்கள் நாடகங்கள் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும். சரித்திர நாடகம் ஒன்று போட்ட அன்று ராசா வரவில்லை. முடியும் வாளுமாக வந்த ராசாவை, தீவைக் கரையோடு இணைக்கும் தாம்போதிச் சோதனைச் சாவடியில் பிடித்து வைத்திருந்தார்கள். வெயிலில் சனம் ஒரு மணித்தியாலம் பொறுத்தது. பிறகு கூவத் தொடங்கியது. அப்போது திரையின் நடுப்பிளவால், திரைக்கயிற்றின் நுனியைக் கையில் பிடித்தபடியே, நாற்பத்தெட்டு வயதுப் பழனியாண்டி வெளியே வந்தார்.

"ராசாகிட்ட பாஸ் இல்லீங்க" என்றார். "எந்த நாட்டு ராசான்னு கேட்டிருக்காங்க. இவரு இந்த நாடுதான்னு சொல்லியிருக்காரு. அதுதாங்க தப்பாப் போச்சு."

சனம் சிரித்த சத்தத்தில் திரைக்குப் பின்னாலிருந்த மந்திரி பயந்து வெளியே ஓடிவந்தார். பழனியாண்டி முக்கால் மணித்தியாலம் பேசினார். ஐஸ் பெட்டி, பாணுக்கு வரிசை, வரிசைக்கு வரிசை. கடைசியாகக் கோப்பைக்கு வந்தார். "தோட்டத்துல பெரிய தொரைக்கு மட்டுந்தான் தனிக் கோப்பை. வேற யாரும் தொடக்கூடாது. நானாட்டானுக்கு வந்து பாத்தா எனக்கும் தனிக் கோப்பை. ஆணி வேற அடிச்சு வச்சிருக்காங்க. அடடா, நம்மளயும் தொரையாக்கிட்டாங்களேன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு." முன்வரிசையில் எல்லோரிலும் உரக்கச் சிரித்தவர் தலைவர். அது பக்கத்து வயல்காரரைப் பற்றிய கதை என்று அவர் நினைத்தார்.

இன்று ஒருவர் தனியாக ஒலிவாங்கியின் முன் நின்று சிரிக்கவைப்பதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்து, கொழும்பில் குளிரூட்டிய மண்டபத்தில் நடத்துகிறார்களாம். எங்கள் மன்றம் அதற்கு வைத்த பெயர் 'இடையிடையே நகைச்சுவை'. அடுத்த ஐந்து நாடகங்களின் நோட்டீசிலும் அந்த வரி இருந்தது. ராசா, மந்திரி, சேடி, ஒளியமைப்பு, ஒலியமைப்பு எல்லோருக்கும் பெயர் இருந்தது. நகைச்சுவை தானாக வந்தது. நோட்டீசை எழுதியவன் நான்.

யுத்தத்தில் இரு தரப்பும் எல்லாவற்றிலும் மாறுபட்டார்கள் என்று சொல்வது தவறு. மேடையில் பேசுவதை முதலில் எழுதித் தரவேண்டும் என்பதில் இருவருக்கும் பூரண உடன்பாடு இருந்தது. தீவு யாருடைய கையில் இருந்ததோ அவர்களுக்கு இரண்டு பிரதி, சிங்கள மொழிபெயர்ப்புடன். பழனியாண்டிக்கு எழுதத் தெரியாது. ஆகவே அவருக்காக நான் எழுதினேன். என் உயிர் மேல் எனக்கிருந்த அக்கறை முழுவதும் அந்த எழுத்தில் தெரிந்தது. "எமது முகாமில் சகல வசதிகளும் உண்டு. குடிதண்ணீர் உண்டு. மின்விளக்கு உண்டு. பாதுகாப்பு உண்டு." இப்படி மூன்று பக்கம். இருமுறை வாசித்துக் காட்டினேன்; மனனம் செய்துகொண்டார். இதிலே சிரிக்க ஒன்றும் இல்லையே என்று வருத்தப்பட்டேன். "பரவால்ல சேர். எழுதினது எழுதினபடி இருக்கட்டும்" என்றார்.

அவர் மேடையேறிய அன்று இராணுவ முகாமின் பொறுப்பதிகாரி நேரே வந்திருந்தார். மடியில் மொழிபெயர்ப்பு, பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், விரல் ஒவ்வொரு வரியாக நகர்ந்தது. பழனியாண்டி, "குடிதண்ணீர் உண்டு" என்றார். சொல்லிவிட்டு மேடையின் ஓரத்திலிருந்த குழாயைப் பார்த்தார். மரியாதையாகப் பார்த்தார், கோயிலில் புனிதரின் சுருவத்தைப் பார்ப்பதுபோல. பிறகு அடுத்த வரி. "மின்விளக்கு உண்டு." கண்ணைச் சுருக்கி, நல்ல வெயிலில் கையால் தடவித் தடவி ஒலிவாங்கியைத் தேடிப் பிடித்தார். "பாதுகாப்பு உண்டு" என்று சொல்ல அவருக்கு நெடுநேரம் பிடித்தது. முதலில் இடப்பக்கம் பார்த்தார், பிறகு வலப்பக்கம், பிறகு மேலே வானத்தை. சொல்லி முடித்ததும் குனிந்துகொண்டார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரி பக்கத்தைத் திருப்பி, திருப்பி, எங்கே சிரிக்கிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பழனியாண்டியைக் கூப்பிட்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். அதிகாரி தாளை நீட்டி, மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒரேயொரு கேள்வி கேட்டார்: இதில் சிரிப்பு எந்த இடத்தில் இருக்கிறது?

"நான் கொண்டு வரலீங்க ஐயா" என்றார் பழனியாண்டி. "அது அவங்ககிட்டயே இருந்திச்சுங்க."

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பங்குச் சுவாமி அன்று மாலையே சென்று கேட்டுவிட்டு எங்களிடம் வந்தார். பெரிய குற்றம் ஒன்றும் பதியவில்லை, இவர் உங்கள் மன்றத்தின் கலைஞர் என்று ஒரு கடிதம் கொடுத்தால் விடுவார்களாம். கலைஞர் என்று எழுதினால் அங்கத்தவர் ஆகிவிடுவார், அங்கத்தவர் ஆனால் அவர் வாய்க்கு மன்றம் பொறுப்பு என்று நிர்வாகசபை கண்டது. முதல்நாள் கூடிக் கலைந்தோம். இரண்டாம்நாள் யாப்பைத் தேடினோம். இன்னார் அங்கத்தவராக முடியாது என்று யாப்பில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதற்கு அதுவரை தேவை வரவில்லை. "தோட்டக்காட்டானை அங்கத்தவனா எடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பினம்" என்று தலைவர் சொன்னதை நான் அறிக்கைப் புத்தகத்தில், 'அங்கத்துவம் பற்றி ஆராயப்பட்டது' என்று பதிந்தேன். மூன்றாம்நாள் ஒரு வழி பிறந்தது. நான் எழுதினேன், நான் கையொப்பமிட்டேன்:

"மேற்படி பழனி என்பவர் எமது மன்றத்தின் கலைஞர் அல்லர். திரை இழுப்பவர் மாத்திரம்."

சுவாமி அதை நின்றபடியே வாசித்தார். "இதை எழுதினதுக்கு நீர் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்" என்றார். "இப்ப நேரமில்லை. தாரும்."

பழனியாண்டி அன்று பின்னேரம் திரும்பி வந்தார். இடது காதால் இரத்தம் வடிந்து சட்டையில் காய்ந்திருந்தது. அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை. என்ன நடந்தது என்று நான் கேட்டேன். கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாக நினைத்தேன். அவர் குற்றம் சொல்லும் குரலில் பேசவில்லை. அதுதான் இன்றுவரை பொறுக்க முடியாதது.

"மொத நாளு ஒண்ணும் பண்ணல சேர். டீ குடுத்தாங்க. அதே கோப்பையில அவங்களும் குடிச்சாங்க. ஒங்க கடுதாசி வரட்டும்னுதான் இருந்தாங்க. மூணாவது நாளு காலையிலயும் வரலன்னதும், ஒன்ன யாருக்குமே தெரியலியேடான்னு கேட்டாங்க. அப்புறந்தான் அடி." பிறகு தொழில்காரனின் ஏமாற்றத்தோடு சொன்னார்: "அந்த ஆளு சிரிக்கவே இல்ல சேர்."

விடும்போது அவர்கள் கையில் கொடுத்துவிட்ட கடிதத்தை நீட்டி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். 'கலைஞர் அல்லர்' என்ற இடத்தில் என் குரல் இறங்கியது. அவர் வலது காதைக் கொடுத்து முழுவதையும் கேட்டார். "எம்பேரு பழனியாண்டிங்க" என்றார். "பரவால்ல."

அதன் பின் அவர் எங்கள் மன்றத்தின் மேடையில் ஏறவில்லை. முகாம்களில், கோயில் வளவுகளில், மீன்வாடிகளில், ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நின்றார். எல்லா இடத்திலும் தொடக்கம் ஒன்றுதான்: சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட கடிதத்தை எடுத்து உயர்த்திப் பிடிப்பார். "வணக்கம். நான் கலைஞன் இல்லீங்க. கடுதாசி இருக்கு." இந்தக் கரையோரம் முழுவதும் அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தது. சோதனைச் சாவடிகளிலும் அதையேதான் காட்டினார். கலைஞன் இல்லை என்பதற்கு எழுத்துமூல அத்தாட்சி உள்ள ஒரே கலைஞன் என்று அவரை நான் ஒரு கட்டுரையில் பாராட்டினேன். அத்தாட்சி யார் கொடுத்தது என்று அதில் எழுதவில்லை.

சனம் சிரிக்கும்போது வலது கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, உடம்பைத் திருப்பி நிற்பார். எவ்வளவு பேர் சிரிக்கிறார்கள் என்பது அவருக்கு அப்படித்தான் தெரியும். அது ஒரு நடிப்பு என்று எண்ணிச் சனம் இன்னும் சிரிக்கும். பனரில் மன்றம் அச்சிட்டிருப்பது அந்தப் படத்தைத்தான். கீழே இப்படி இருக்கிறது: "ரசிகர்களின் கரவொலிக்குச் செவிமடுக்கும் கலைஞர்."

செத்தவீட்டில் தலைவர் மரநிழலில் கதிரை போட்டு இருந்தார். தேத்தண்ணீர் வந்தது. பழனியாண்டியின் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை. தலைவர் தாகமில்லை என்றார். பிறகு என் பக்கம் சாய்ந்து, நினைவுமலர் ஒன்று போடுகிறோம், நீர்தான் ஆளோடு நெருக்கம், இரண்டு பக்கம் எழுதித் தாரும் என்றார். நான் அந்தக் கடிதத்தை முதல் பக்கத்தில் அச்சிடுவோம் என்றேன்.

"இப்ப ஏன் அதெல்லாம், தம்பி? செத்தவீட்டில பழசு கிளறுறதே?"

செத்தவர் எதையும் கிளறவில்லை; அதுதான் மன்றத்துக்கு வசதியாக இருந்தது. மலருக்கு நான் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

புறப்படும்போது அவருடைய மகள், லயம் எரிந்த நாளில் கைக்குழந்தையாக வந்தவள், அந்த உறையைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "அப்பா ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாருங்க சேர். இனி தேவப்படாதுன்னு சொல்லச் சொன்னாரு."

கந்தோரில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதியதில் பிழை கண்டால் அதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கடிதத்தை மேசையில் விரித்துப் பேனையை எடுத்தேன். மூன்று பிழைகள்: பெயர் ஒன்று, 'அல்லர்' ஒன்று, 'மாத்திரம்' ஒன்று. உரிய நேரத்தில் மூன்று நிமிட வேலை. பேனையை மூடிவைத்தேன். முன்னூறு சாவடிகள் வாசித்த தாளை இப்போது திருத்துவது எனக்கு நல்லது, அவருக்கு அல்ல.

அவரில் என்னிடம் எஞ்சியிருப்பது அந்தத் தாள். அலுமாரியில், என் ஓய்வூதியப் பத்திரங்களுக்கு மேலே இருக்கிறது. கேட்பவர் எவருக்கும் எடுத்துக் காட்டுவேன். கையெழுத்து தெளிவாக இருக்கிறது. என்னுடையது.