மூன்றாம் இடத்தில் நின்ற ஓடை

நீர்வளத் துறையின் மாடி அறையில் அவளுக்கு ‘மழைக்கணக்கு’ என்று பெயர். பதினெட்டு வருஷமாக மழைமானிகளின் அளவுகளைப் பதிந்துகொண்டிருந்தவள் புள்ளியியல் படித்தவள் என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. ஒரு கோடையில் அவளாகவே ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மலையிலிருந்து இறங்கும் நாற்பத்திரண்டு ஓடைகளுக்கும் சரிவு எவ்வளவு, மண் எப்படி, காடு எத்தனை பங்கு, மழை எவ்வளவு வேகம், முன்பு எப்போது வெள்ளம் வந்தது என்று எல்லாவற்றையும் கணினியில் கொட்டினாள். திடீர் வெள்ளம் வர எதற்கு வாய்ப்பு அதிகம் என்று அது வரிசைப்படுத்திக் கொடுத்தது. மூன்றாம் இடத்தில் சந்தை ஓடை.

பொறியாளர் சிரித்துவிட்டார். “அதுல கால் நனைக்கக்கூடத் தண்ணி இருக்காதேம்மா! பழைய பதிவுல ஒரு வெள்ளமாவது இருக்கா?”

“அங்க தண்ணி மட்டம் பாக்குற அளவுகோலே வைக்கல சார். அப்புறம் பதிவு எங்கேருந்து வரும்?”

சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஆறவில்லை. விடுப்புப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தும்மிக்கொண்டே முப்பது வருஷ வருகைப் பதிவேடுகளைப் புரட்டினாள். மூன்று இடங்களில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: ‘வகுப்பறையில் ஓடைநீர். விடுமுறை.’ துறையின் மழைப் பதிவோடு ஒப்பிட்டாள். அந்த மூன்று நாளும் ஊருக்குள் ஒரு பொட்டு மழையில்லை. பெய்ததெல்லாம் மலைமேல்தான்.

பொறியாளர் அந்த நகல்களை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. மலைமேல் தானியங்கி மழைமானி ஒன்று வந்தது. ஒரு மணி நேரத்தில் நாற்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தையைக் காலி செய்வது என்று ஏற்பாடு.

முதல் எச்சரிக்கை பொய்த்தது. கடையைச் சுருட்டிக்கொண்டு மேட்டில் ஏறிய ஜனம், ஓடையில் கணுக்கால் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திட்டித் தீர்த்தது. அங்கே சைக்கிள் கடை வைத்திருந்து, அவள் எச்சரிக்கையைச் சந்தைக்குச் சொன்ன அவள் தம்பிதான் அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

“என் மானமே போச்சுக்கா!”

“பத்துக்கு ஆறு தடவை வரும்னுதான்டா கணக்கு. மீதி நாலு தடவை இப்படித்தான்.”

“அதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

சுருக்கென்றது. அவன் சொன்னது நியாயம். அடுத்த சந்தை நாளில் கடை கடையாக ஏறி இறங்கினாள். “நாலு தடவை சும்மா ஓட வைப்பேன். ஆறு தடவை உசுருக்காக ஓட வைப்பேன். சம்மதமா?”

“ஓடினா உடம்பாவது இளைக்கும், விடுங்க” என்றாள் உடம்பு பெருத்த பாத்திரக்கடைக்காரி. சந்தையே சிரித்தது.

இரண்டு மாதம் கழித்து, பிற்பகல் மூன்று மணிக்கு மழைமானி ஐம்பத்திரண்டு காட்டியது. உடனே தம்பியைப் போனில் கூப்பிட்டாள்.

“இங்க வெயில் மண்டையைப் பிளக்குதேக்கா…” என்றவன் சட்டென்று நிறுத்தினான். மறுநொடி, “எல்லாரும் மேட்டுக்கு!” என்று அவன் கத்துவது போனில் கேட்டது.

முப்பத்தைந்து நிமிஷத்தில் மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு செந்நீர் வந்தது. கடைகளின் கம்புக்கால்கள் போயின, தம்பியின் காற்றடிக்கும் பம்பு போயிற்று. ஆள் ஒருவரும் போகவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது, சேற்றுக் கையோடு பாத்திரக்கடைக்காரி அவளைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. பொறியாளர் கரையில் நின்று ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அளவுகோல் இல்லாத ஓடை இன்னும் எத்தனைம்மா?”

“பதினொண்ணு சார்.”

“திங்கக்கிழமை ஜீப் எடுக்கச் சொல்றேன். நீங்க முன்சீட்டுல உக்காந்து வழி சொல்லுங்க.”