மீன் குளிரறைக்குப் போன பத்திரிகைகள்

போன வாரம் கிள்ளானில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் மீன் குளிர்பெட்டிக்குள் குனிந்தேன். மூக்குக் கண்ணாடியைப் பனி மூடிவிட்டது. கண் தெரியவில்லை, வாசனை மட்டும் வந்தது. "அம்மா, தனியா என்ன சிரிக்கிறீங்க?" என்றாள் மகள். மீன் வாசனை வந்தால் எனக்குப் பழைய தமிழ்ப் பத்திரிகைகள் ஞாபகம் வரும் என்றால் அவள் நம்பமாட்டாள். உங்களிடம் சொல்லலாம்.

பல வருடங்களுக்கு முன்னால் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வு நூலகத்தில் நான் துணை நூலகர். சேர்ந்து இரண்டு வருடம்தான். தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு மட்டும் நிறைய. தலைமை நூலகர் மிஸஸ் யோகநாதன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதனாலேயே எங்களுக்குப் பயம்.

ஒரு ஞாயிறு காலை. மேல்மாடியில் குழாய் வெடித்து, சனிக்கிழமை முழுக்க நீர் கொட்டியிருக்கிறது. நான் ஓடிப் போனபோது அவர் எனக்கு முன்பே அங்கே நின்றார். நூலகக் காவலர் போனில் கூப்பிட்டபோது பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாராம். மீன் பை கையிலேயே இருந்தது. எங்கள் எதிரில் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய தமிழ்ப் பத்திரிகைகள், கட்டுக் கட்டாக, ஊறிய ரொட்டி மாதிரி வீங்கி நின்றன. வேறு எங்கும் பிரதி இல்லாதவை. எனக்கு அழுகை வந்தது. ஒரு கட்டைப் பிரிக்கப் போனேன்.

"பிரிக்காதேயுங்கோ பிள்ளை. பிரிச்சால் கிழியும். அப்பிடியே வையுங்கோ."

சொல்லிவிட்டு மிஸஸ் யோகநாதன் பல்கலைக்கழகப் பதிவாளருக்குப் போன் போட்டார். எதையும் தொட வேண்டாம், இன்ஷூரன்ஸ் ஆட்கள் பார்க்கட்டும், செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பேசலாம் என்று பதில் வந்தது. அவர் போனை மெதுவாக வைத்தார். இந்த வெக்கையில் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். உறைய வைத்தால் தப்பும் என்பதும் தெரியும். ஆனால் அத்தனை கட்டுக்கும் எங்கே இடம்?

அவர் மீன் பையைப் பார்த்தார். தனக்கு மீன் விற்பவருக்கே போன் செய்து, "உங்களுக்கு மீன் எங்கேயிருந்து வருது?" என்று கேட்டார்.

மதியத்துக்குள் மீன் லோரி வந்துவிட்டது. கட்டுகளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, மீன் கூடைகளில் அடுக்கி, செலாயாங் மொத்தச் சந்தையின் மீன் குளிரறைக்குக் கொண்டுபோனோம். மொத்த வியாபாரி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"மேடம், இது மீன் வைக்கிற இடம்லா. பேப்பர்ல நாத்தம் ஏறிடும்."

"மணம் பிறகு போகும். பூஞ்சணம் பிடிச்சால் பேப்பரே போயிடும்."

"அப்படி என்ன பேப்பர்?"

"ரப்பர் தோட்டத்துச் சனத்தின்ட செய்தி. ஆர் வந்தது, ஆர் செத்தது, ஆர் வேலைநிறுத்தம் செய்தது, எல்லாம் இதிலதான். வேறெங்கயும் இல்லை."

வியாபாரி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார்: "டேய், கெம்போங் மீன் பெட்டியெல்லாம் அந்தப் பக்கம் தள்ளுங்கடா!"

பதிவாளரிடமிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மிஸஸ் யோகநாதன் எழுதிய பதிலைத் தட்டச்சு செய்தவள் நான். ஒரே வரி: 'காகிதம் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காது.' நான் அதையே இரண்டு தடவை தப்பாக அடித்தேன். அவர் ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு மாதக்கணக்காக, வாரம் சில கட்டுகளாக எடுத்துவந்து மின்விசிறியில் உலர்த்தினோம். நூலகமே பாசார் மாதிரி மணத்தது. பதினொரு கட்டுகள் செங்கல்லாக இறுகிப்போயின. மற்றவை பிழைத்தன. கடைசிக் கட்டும் கிழியாமல் பிரிந்து எழுத்து தெரிந்தபோது நாங்கள் கைதட்டினோம். அவரோ அந்தப் பதினொன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் கண்ணைத் துடைத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்படியும் ஒரு மனுஷியா என்று இன்றும் மலைப்பாக இருக்கிறது.

மிஸஸ் யோகநாதன் இப்போது இல்லை. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். தலைமை நூலகர் என்ற பதவிப் பெயரும் போய், 'தகவல் வள இயக்குநர்' என்றானது. அந்தப் பெயரோடு ஆறு வருடம் அவருடைய இடத்தில் உட்கார்ந்தவள் நான். என் கடைசி வருடத்தில் புதுக் கட்டடத்திலும் கூரை ஒழுகியது. நான் மூன்று அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டுக் காத்திருந்தேன். நான்காம் நாள் அனுமதி வந்தது. அதற்குள் இரண்டு அலமாரி ஆய்வேடுகள் போய்விட்டிருந்தன.