கடைசி நாற்காலியில் பார்த்த தண்ணீர்

எங்க அண்ணிகிட்ட வாயக் கொடுத்து மீண்டவன் எவனும் இல்ல. டயாலிசிஸ் கூடத்துல அவங்களுக்கு நோயாளிங்க நாங்க வச்ச பேரு 'கறார்'. தெரிஞ்சும் கண்டுக்க மாட்டாங்க.

தண்ணி சுத்திகரிக்கிற கம்பெனில போன் எடுக்கத்தான் சேர்ந்தாங்க. ஒருநாள் மெக்கானிக் பாதில கோவிச்சுக்கிட்டுப் போக, ஸ்பானரைக் கையில எடுத்தாங்க. "பொம்பளைக்கு எதுக்கும்மா ஸ்பானர்?"னு ஒருத்தர் கேட்டாராம். "நட்டு கழட்டத்தான்"னுட்டாங்க. அதுக்கப்புறம் கீழ வைக்கவே இல்ல.

எனக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துக்கு மூணு நாள் அந்தக் கூடத்துலதான் கிடக்கேன். அங்க ஓடுற தண்ணிக்கும் நம்ம ரத்தத்துக்கும் நடுவுல இருக்கிறது ஒரு மெல்லிசு சவ்வு, அவ்வளவுதான். குழாய்க்குள்ள வழவழன்னு பாசி பிடிக்காம இருக்க, மாசம் ஒருதரம் தண்ணியச் சுத்தம் பண்ற ஆர்.ஓ. மெஷின்லேருந்து கடைசிக் குழாய் வரைக்கும் கிருமி கொல்ற மருந்து ஓட்டி அலசணும். அது அண்ணி வேலை. மருந்து துளி மிச்சம் இருந்தாலும் தண்ணில நனைக்கிற டெஸ்ட் ஸ்ட்ரிப் நீலமாயிடும்.

அப்படி மருந்து ஓட்டின ஒருநாள் காலைல எனக்கு முகமெல்லாம் வீக்கம். முந்தின நாள் அளவுக்கு மீறித் தண்ணி குடிச்சது என் கொழுப்பு. மூச்சு வாங்குது. கூடத்து மேனேஜர் ஆர்.ஓ. மெஷின் பக்கத்துக் குழாய்ல ஸ்ட்ரிப்பை நனைச்சார். வெள்ளை.

"சுத்தம்மா. ஆரம்பிக்கலாம்."

அண்ணி பதினோராவது நாற்காலிக்கு நடந்தாங்க. கூடத்தோட கடைசி மூலை அது. அன்னிக்கு என் இடம். அந்தக் குழாய்ல நனைச்சாங்க. நீலம்.

"இன்னும் ஒரு மணி நேரம் அலசணும், சார்."

"பதினோரு பேர் காத்திருக்காங்க. லேசான நீலம்தானே?"

"லேசுதான். முதல்ல நீங்க ஏத்திக்கிறீங்களா?"

சொல்லிட்டு, சுவத்துக் குழாய்க்கும் டயாலிசிஸ் மெஷினுக்கும் நடுவுல மாட்டுற ரப்பர் குழாய் பதினொண்ணையும் பையில போட்டு, பையை மடியில வச்சு உக்காந்துட்டாங்க! மேனேஜர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துறார். அண்ணி அசையல.

நானும் கத்தினேன். "போதும் அண்ணி உங்க வீறாப்பு! மூச்சு முட்டுது. என்னைக் கொல்லவா பாக்குறீங்க?"

கூடமே கேட்டுச்சு. அண்ணி முகம் ஒரு நிமிஷம் சுருங்கிப் போச்சு. நர்ஸைக் கூப்பிட்டு எனக்கு ஆக்சிஜன் வைக்கச் சொன்னாங்க. "மூச்சு முட்டினா பாத்துக்க இவங்க இருக்காங்க. அந்த மருந்து உன் ரத்தத்துல கலந்தா உங்க அண்ணன் முகத்துல நான் எப்படிடா முழிப்பேன்?"

ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் அலசினாங்க. கடைசி நாற்காலிலயும் வெள்ளை வந்தப்புறம்தான் பையைத் திறந்தாங்க.

மறுநாளே கம்பெனி அவங்கள இந்தக் கூடத்துலேருந்து எடுத்துடுச்சு. மன்னிப்புக் கடிதம் வேணுமாம். அண்ணி எழுதிக் கொடுத்தது, எத்தனை மணிக்கு நீலம், எத்தனை மணிக்கு வெள்ளைங்கிற ரெண்டே வரி. என்கூட ஒரு மாசமா பேச்சு இல்ல. சாப்பாடு மட்டும் உப்பில்லாம நேரத்துக்கு வரும்.

அடுத்த மாசம் அண்ணிக்குப் பதிலா புது ஆள் வந்தார். மெஷின் பக்கத்துல ஸ்ட்ரிப்பை நனைச்சார், "ஓகே"ன்னார்.

"கடைசி நாற்காலில பாருங்க"ன்னேன்.

"எல்லாம் ஒரே தண்ணிதான், சார்."

எனக்குச் சுர்ருன்னு கோபம் வந்துச்சு. ரெண்டு கையையும் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டேன். "பாக்காம ஊசி ஏத்த விடமாட்டேன்." பக்கத்துல இருந்த ரிட்டையர்டு பஸ் டிரைவரும் இழுத்துக்கிட்டார். அப்புறம் டீச்சரம்மா. கொஞ்ச நேரத்துல கூடத்துல ஒரு கை வெளில இல்ல.

"என்னங்க, சின்னப் புள்ளைங்க மாதிரி அடம்?"னார் மேனேஜர்.

"ஆமா, அடம்தான்! கறாரைக் கூப்பிடுங்க"ன்னார் டிரைவர்.

வேற வழியில்லாம மேனேஜர் கம்பெனிக்குப் போன் போட, அரைமணி நேரத்துல அண்ணி வந்தாங்க. மேனேஜரைத் திரும்பிக்கூடப் பாக்கல. நேரா கடைசி நாற்காலிக்குப் போனாங்க. லேசா நீலம். மறுபடி அலசி, வெள்ளை வந்ததும் ஸ்ட்ரிப்பை ஒவ்வொருத்தர் கண்ணு முன்னாடியும் காட்டிக்கிட்டே வந்தாங்க. என்கிட்ட வந்தப்ப நான் மெதுவா சொன்னேன்.

"அண்ணி, அன்னிக்கு நான் பேசினது தப்பு."

"தப்புதான்"னாங்க. "கைய நீட்டு. நர்ஸ் எவ்வளவு நேரம் நிப்பாங்க?"