நான் வெளியிட்ட பணம்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு. நாடெங்கும் காசு போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டிய பெரிய வங்கி பம்பாயில் இருந்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே நான் இருந்தேன், ஒரு டீக்கடையோடு. மீதிச் சில்லறைக்குப் பதிலாகப் பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, ‘நாலணா’ என்றெழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் அது வெற்றிலைக் கடையிலும் பூ மார்க்கெட்டிலும் செல்லுபடியானது. எனக்குத் திமிர் ஏறிவிட்டது. சவரம் செய்தவருக்கும் சீட்டெழுதி நீட்டினேன்.

ஒருநாள் காலை, உள்ளூர் வங்கியின் காசாளர் டீயை உறிஞ்சியபடி சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“என்னவே, தனியா கவர்மெண்டு நடத்துதீரோ? பணம் வெளியிட உமக்கு யாரு அதிகாரம் கொடுத்தா? புடிச்சு உள்ள வச்சிருவான்.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு தெரியவில்லை, கைவிலங்குதான் தெரிந்தது. அவர் தலை மறைந்ததும் கரும்பலகையில் எழுதினேன்: ‘சீட்டுகள் இன்று மாலைக்கு மேல் செல்லாது.’ எல்லாவற்றையும் திரும்ப வாங்கி அடுப்பில் போட்டுவிடத் திட்டம்.

அரை மணி நேரத்தில் கடை முன்னால் கூட்டம். கடை திவாலாகிவிட்டதாகப் பேச்சு. சீட்டுக்குக் காசு கொடுக்கலாம் என்றால், காசு இல்லாததால்தானே சீட்டே வந்தது. வடையாகவும் டீயாகவும் கொடுத்தேன். பசியில்லாதவர்களும் வெறி பிடித்துத் தின்றார்கள். ஒருவருக்கு இல்லையென்று சொன்னாலும் போதும், அதோடு என் கடைக்கு மூடுவிழா. ஜெயில் பயம் எங்கோ ஓடிப்போனது. நடுக்கத்தில் நான் டீ ஆற்றிய வேகத்தைக் கைத்திறமை என்று இரண்டு பேர் பாராட்டினார்கள்.

அப்போது ஒரு விசைத்தறித் தொழிலாளி நாலு சீட்டை நீட்டினான். பத்திரிகை அட்டை இல்லை, பள்ளிக்கூட நோட்டின் அட்டை. என் கையெழுத்தை என்னைவிடத் திருத்தமாகப் போட்டிருந்தான்.

“ஏலே, இது நான் எழுதுனது இல்லையே” என்றேன், காதோடு.

அவனும் காதோடு சொன்னான்: “அப்படியா அண்ணாச்சி? அதைச் சத்தமாச் சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்.”

பின்னால் நின்ற தலைகள் எட்டிப் பார்த்தன. எது நல்ல சீட்டு, எது கள்ளச் சீட்டு என்று கூட்டம் ஆராய ஆரம்பித்தால் நல்லதையும் ஒருத்தனும் வாங்கமாட்டான்.

“தம்பிக்கு நாலு வடை. சட்னி தாராளமா ஊத்து” என்று கடைப் பையனுக்கு, பஸ் நிலையம் வரை கேட்கும்படி குரல் கொடுத்தேன்.

கூட்டம் தளர்ந்தது. “குடுத்துருவாரு போலவே. நான் நாளைக்கு வந்து தின்னுக்கிடுதேன்” என்று ஒருவர் சீட்டுகளை மடியில் செருகிக்கொண்டு நடந்தார். அவர் பின்னாலேயே பாதிப் பேர் கலைந்தார்கள். பலகையைத் துண்டால் அழித்தேன்.

கள்ளச் சீட்டுக்காரன் மட்டும் பல்லைக் குத்தியபடி நின்றான்.

“உப்பு கொஞ்சம் கம்மி, அண்ணாச்சி.”

“அடுத்த ஈட்டு வடையில சரியாப் போட்டுத் தாரேன்” என்றேன், மிகவும் பணிவாக.