கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்

முப்பத்தோரு வருஷமாக மனுக்காரர் செய்துவந்த வேலை ஒன்றுதான். கீழே நிற்பவர்கள் மேலே உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்க வேண்டியதைப் பக்குவமாக மனுவாக டைப்பில் தட்டிக் கொடுப்பார். பதிவு அலுவலகத்தின் வெளிச்சுவரை ஒட்டித் தகரக் கூரை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. முதலில் டைப்ரைட்டர், பிறகு கம்ப்யூட்டர். ‘பணிவுடன் வேண்டுகிறேன்’, ‘கருணைகூர்ந்து பரிசீலிக்குமாறு’, ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று கெஞ்சுவதற்கு மட்டும் பதினான்கு வகை வைத்திருந்தார். எந்த அதிகாரிக்கு எந்த வகை எடுபடும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் ஒரு ஆணைகூடத் தட்டியதில்லை. ஆணையெல்லாம் உள்ளே இருப்பவர்கள் சமாசாரம்.

அந்தச் சுவரோரத்தில் உட்கார்ந்து அவருக்கு ஒரு தத்துவமும் பிடிபட்டிருந்தது. காலையில் அலுவலகக் கதவு திறக்கும்முன் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் போதும் என்பார். ஒருவன் இன்னொருவனை இடிப்பான், செருப்பை மிதிப்பான், கைக்குழந்தையைக் காட்டி முன்னால் புகுவான். உள்ளேயிருந்து காவலாளி ஒரு அதட்டல் போட்டதும் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நூல்பிடித்ததுபோல நிற்பார்கள். அதட்ட ஒரு ஆள் இல்லாவிட்டால் மனிதன் மனிதனைத் தின்றுவிடுவான் என்று அவர் முடிவுக்கு வந்ததற்கு இது பாதிக் காரணம். மீதிக் காரணம் பழைய பேப்பர் கடையில் கிடைத்த, அட்டை கிழிந்த ஒரு புத்தகம். மனிதர்கள் ஒன்றுகூடி, அவரவர் உரிமையை ஒரே ஆளிடம் ஒப்படைத்து, அதற்குப் பதிலாகப் பாதுகாப்பை வாங்கிக்கொண்டதுதான் அரசாங்கம் என்று அதில் போட்டிருந்தது. மனுக்காரர் வரிக்கு வரி கோடு போட்டுப் படித்தார். புத்தகம் நடுவோடு கிழிந்திருந்தது. ஒப்படைத்த பிறகு என்ன ஆயிற்று என்பது கிழிந்துபோன பாதியில் இருந்தது.

அவர் மனைவி நூலகத்தில் புத்தகம் திரும்ப வாங்கும் மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள். முழுப் புத்தகமும் தன் நூலகத்தில் இருக்கிறது, எடுத்து வரட்டுமா என்று இரண்டு தடவை கேட்டாள். சாரம் புரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் குடியிருந்தது நான்கு மாடிக் கட்டிடம், எட்டு வீடு. மொட்டை மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டி. அந்தக் கோடையில் மோட்டார் பாதி நேரம்தான் ஓடியது, அதிலிருந்து பிடித்தது சனி. ஒருவர் வீட்டுக் குழாயின் வால்வை இன்னொருவர் போய் மூடுவார். மூடியவர் வீட்டு வால்வுக்கு மறுநாள் யாரோ பூட்டுப் போட்டிருப்பார்கள். முதல் மாடித் தையற்காரம்மா மொட்டை மாடிக்குப் பாயும் தலையணையும் கொண்டுபோய்க் காவல் படுத்தாள். இரண்டாம் மாடி டாக்ஸிக்காரருக்கு வாளிச் சண்டையில் முன்பல் ஒன்று போனது. வாளி யாருடையது என்பது இன்றுவரை தெரியாது.

மனுக்காரருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தான் சொன்னது கண்ணெதிரே நடந்தால் யாருக்குத்தான் பிடிக்காது? எல்லோரையும் வாகன நிறுத்தத்தில் கூட்டி, முக்கால் மணி நேரம் பேசினார். எட்டுப் பேருக்கு எட்டு அதிகாரம் இருந்தால் எட்டு வீட்டுக்கும் தண்ணீர் வராது, வால்வுச் சாவி, மோட்டார் சாவி, லிஃப்ட் சாவி, மொட்டை மாடிச் சாவி எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்காமல் இருந்தால்தான் உருப்படுவோம் என்றார். யார் அந்த ஆள் என்று கேள்வி வந்தபோது எல்லோர் கண்ணும் தரைத்தள டிரில் மாஸ்டர் பக்கம் போனது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். குரல் கேட்டால் தெருவே நிமிர்ந்து நிற்கும். பாவம், அவர் ஒன்றும் ஆசைப்படவில்லை. எனக்கு எதற்கு இந்த வம்பு என்று நழுவத்தான் பார்த்தார். பிடித்து இழுத்து அவர் தலையில் கட்டினார்கள்.

ஒப்பந்தத்தை மனுக்காரரே தட்டினார். ‘கீழே கையொப்பமிட்டுள்ள நாங்கள்’ என்று ஆரம்பித்து, எல்லா அதிகாரங்களையும் மாஸ்டர் அவர்கள் ஏற்றருளுமாறு பணிவுடன் வேண்டி, ஒன்றரைப் பக்கத்தில் முடித்தார். வீட்டுக்கு ஒரு கையெழுத்து. அவர் வீட்டில் மனைவி போடமாட்டேன் என்றாள். திருப்பித் தரும் தேதி இல்லாமல் நான் எதையுமே யாருக்கும் கொடுத்ததில்லை என்றாள். அவள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் குடும்பத்தலைவர் என்ற முறையில் தானே போட்டார். ஆக ஏழு வீட்டுக்கு ஏழு கையெழுத்து.

முதல் இரண்டு மாதம் சொர்க்கம். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. வால்வுப் பூட்டுகள் கழன்றன. டாக்ஸிக்காரர் புதுப் பல் கட்டிக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். மனுக்காரர் வேலைக்குப் போகிற வழியெல்லாம் தத்துவம் பேசினார். பிறகு மாஸ்டர் அறிவிப்புப் பலகை மாட்டினார். செருப்பை வாசலுக்கு வெளியே ஜோடி ஜோடியாக, மூக்கு சுவரைப் பார்க்கும்படி விட வேண்டும். ஈரத்துணி ஐந்து மணிக்குமேல் கொடியில் இருக்கக்கூடாது. காலை எட்டிலிருந்து ஒன்பதுவரை யாரும் படிக்கட்டில் சாமான் தூக்கிக்கொண்டு போகக்கூடாது, கூட்டத்தில் இடிக்கும். எல்லாமே நியாயமாகத்தான் தெரிந்தது. நாற்பது வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவருக்கு வரிசை கலைந்தால் பொறுக்காது, அவ்வளவுதான்.

ஒருநாள் லிஃப்ட் கண்ணாடியில் யாரோ கீறிவிட்டார்கள். கீறியவர் ஒப்புக்கொள்ளும்வரை லிஃப்ட் கிடையாது என்று மாஸ்டர் பூட்டிவிட்டார். அவர் இருப்பது தரைத்தளம்.

மனுக்காரர் இருப்பது நான்காம் மாடி. அவர் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகி மூன்று மாத விடுப்பு முடிகிற சமயம் அது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உடல்தகுதிச் சான்றிதழோடு நூலகத்தில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த மேஜை வேறு ஒருத்திக்குப் போய்விடும் என்று கடிதமே வந்திருந்தது. படி இறங்க இன்னும் இரண்டு மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சமமான தரையில் நடப்பாள், படிதான் ஆகாது.

மனுக்காரர் கதவு கதவாகத் தட்டினார். டாக்ஸிக்காரர், தண்ணீர் ஒழுங்காக வருகிறது, எதற்குக் குட்டையைக் குழப்புகிறீர்கள் என்றார். தையற்காரம்மா தான் லிஃப்டில் ஏறுவதே இல்லை என்று கைகழுவினாள். மூன்றாம் மாடியில் ஒருவர், கேள்வி கேட்காமல் இருந்தால்தான் உருப்படுவோம் என்று நீங்கள்தானே அன்றைக்குச் சொன்னீர்கள் என்று ஞாபகப்படுத்தினார். மரியாதையாகத்தான் சொன்னார். மனுக்காரருக்குத்தான் சுருக்கென்றது.

கடைசியில் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். மனு எழுதினார். தன் வாழ்நாளில் தட்டியதிலேயே உயர்ந்த மனு அது, அதை அவரே சொல்லுவார். பதினான்கு வகையில் ஒன்பதை அதில் இறக்கியிருந்தார். மறுநாள் அது சிவப்பு மையில் இரண்டு எழுத்துப்பிழை திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. அடியில் மாஸ்டர் எழுதியிருந்தார்: ‘விதி எல்லோருக்கும் ஒன்றே. படி இறங்குவது முழங்காலுக்கு நல்ல பயிற்சி.’

மனைவி அதைப் படித்துவிட்டு ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"என்னங்க, இதுல அவரு கையெழுத்து எங்க?"

"அவரு எதுக்குப் போடணும்? அவருகிட்டதானே கேக்கறோம்."

"சாவியெல்லாம் கொடுத்தது நீங்க. கெஞ்சறதும் நீங்களா?"

மனுக்காரர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். இவ்வளவு நாள் பிசகு எங்கே என்று தேடியவருக்கு அப்போதுதான் விளங்கியது. மனுவில் வாங்கிக்கொள்பவர் கையெழுத்துப் போடும் வழக்கம் கிடையாது. எத்தனை நாளைக்கு என்று போடும் வழக்கமும் கிடையாது. ஒரு அரசனை நியமிக்கச் சொன்னால் அவர் அரசனுக்கு விண்ணப்பம் எழுதிவைத்திருக்கிறார். வேறு எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும், ஆள்பவனைக் கட்டிப்போட்டால் அப்புறம் அவன் எப்படி ஆளுவான் என்று பாதிப் புத்தகத்திலிருந்து ஒரு வாதம் எடுத்துவிட்டார். அவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு அவள் நான்காம் மாடிப் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினாள். மனுக்காரர் அவள் கைப்பையையும் ஊன்றுகோலையும் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். சான்றிதழ் அந்தப் பையில்தான் இருந்தது. கதவுகள் ஒரு விரற்கடை திறந்து மூடின. டாக்ஸிக்காரர் மட்டும் வெளியே வந்து, பார்த்து, பார்த்து என்றார். இஸ்திரி போட்ட புடவை பின்புறம் முழுக்கப் புழுதியானது. வலிக்கும்போதெல்லாம் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாளே தவிர ஒரு சத்தம் போடவில்லை.

தரைத்தளத்துக்கு வந்ததும் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு எழுந்து வாசலைப் பார்த்து நடந்தாள். மனுக்காரருக்கு இன்னும் மூன்று படி இருந்தது. மாஸ்டர் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"சார், அங்கேயே நில்லுங்க. மணி எட்டேகால். பையை மேல வச்சுட்டு வாங்க."

மனுக்காரர் நின்றார். நிற்க வேண்டும் என்று நினைத்து நின்றாரா என்றால் இல்லை, கால் தானாக நின்றுவிட்டது. "மாஸ்டர், தாங்கள் தயவுசெய்து இந்த ஒரு தடவை..." என்று ஆரம்பித்தார். வாயில் சரளமாக வந்தது. கருணை வந்தது, பெருந்தன்மை வந்தது, மேலான கவனம்கூட வந்தது. பை கையிலேயே இருந்தது.

அவள் திரும்பி வந்தாள். ஒரு படி, இரண்டு படி, மூன்று படி ஏறினாள். நின்றபடி ஏறினாள். புருஷன் கையிலிருந்து பையை உருவிக்கொண்டாள்.

"அம்மா, விதிமுறை இருக்கு," என்றார் மாஸ்டர்.

"நான் கையெழுத்துப் போடலை," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கையெழுத்துப் போடாத ஒரு ஆளை என்ன செய்வது என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. பிறகு மனுக்காரரைப் பார்த்து, உங்கள் வீட்டுக்கு நீங்கள்தானே பொறுப்பு என்று கேட்டார். ஆமாங்க என்றார் மனுக்காரர். அப்படியானால் வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுங்கள் என்றார் மாஸ்டர். மத்தியானத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவள் நூலகத்தில் போய் நின்றாளாம். மேஜை அவளுக்குத்தான். சாயங்காலம் போன் செய்தாள். நூலகத்துக்குப் பின்னால் தரையோடு ஒரு அறை வாடகைக்குக் கிடைத்திருக்கிறது, இனி அங்கேதான், அவர் வருவதானாலும் வரலாம் என்றாள். "ஒண்ணே ஒண்ணு. யாரையும் கேக்காம வாங்க," என்றாள்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. கட்டிடத்தில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை, காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வருகிறது. மனுக்காரர் இரண்டு பெட்டியிலும் துணிமணிகளை அடுக்கி வைத்துவிட்டார். பெட்டிகளைக் கீழே இறக்க அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.