வெயில் இருந்தது, கரண்ட் இல்லை

கடலூரில் எங்கள் வீட்டு மாடியில் சோலார் போட்டு, மின்சாரக் காரும் வாங்கிய பிறகு எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறிவிட்டது. வீட்டிலிருந்தே வேலை என்பதால் பகலெல்லாம் கார் வாசலில்தான் நிற்கும். வெயிலில்தான் சார்ஜ் போடுவேன். ராத்திரியில் போடுவது எனக்குக் கௌரவக் குறைச்சல்.

வளைகாப்பு முடிந்து மனைவி சிதம்பரத்தில் தாய் வீட்டில் இருந்தாள். ஒரு நாள் பார்க்கப் போயிருந்தபோது, "வலி எடுத்தா உடனே வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"சூரியன் இருக்குற வரைக்கும் கவலையே இல்ல" என்றேன்.

"மழை வந்தா மாப்ள?" என்று மாமனார் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. அன்றிரவே கடலூர் திரும்பிவிட்டேன்.

மழை வரவில்லை. மறுநாள் காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. காரில் சார்ஜ் குறைந்திருந்ததால் வயரைச் சொருகினேன். ஏறவேயில்லை. சோலார் போட்டுத் தந்தவருக்குப் போன் செய்தேன்.

"உங்க ஏரியால இன்னைக்கு மெயின்டனன்ஸ் சார், சாயங்காலந்தான் கரண்ட் வரும். லைன்ல கரண்ட் இல்லன்னா சோலாரும் ஆஃப் ஆயிடும். கம்பத்துல ஏறி வேலை பாக்குறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுல்ல? அன்னைக்கே சொன்னனே."

சொல்லியிருப்பார். நான் எங்கே கேட்டேன்! அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். வலி எடுத்துவிட்டது, அப்பா அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்.

இருக்கிற சார்ஜ் சிதம்பரம் வரை தாங்குமா என்பதே சந்தேகம். வழியில் நின்று சார்ஜ் போட மனசு கேட்கவில்லை. ஏசியை அணைத்துவிட்டு, கல்யாண ஊர்வலத்தில் போகிறவன்போல் மெதுவாக ஓட்டினேன். புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. பாதி வெயில், பாதி பயம். பிள்ளை பிறக்கும்போது நான் நடுரோட்டில் நின்றால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது சார்ஜ் காட்டும் கோடு சிவந்திருந்தது. "வந்துட்டீங்களா" என்று மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் மகள் பிறந்தாள். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

"என் பேத்தி உங்க கார விட நிதானம் மாப்ள" என்று மாமனார் என் வாயில் சர்க்கரையைப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கொழந்தைய பாக்க இனிமே அடிக்கடி வருவீங்க. நம்ம மாடியிலயும் சோலார் போட்டுடலாமா?" என்றார்.

"கரண்ட் போனா அதுவும் நின்னுடும் மாமா."

"நிக்கட்டுமே. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரே நாள்லயா நிறுத்தப் போறாங்க?"